ஜி. என். இராமச்சந்திரன்

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் இராமச்சந்திரன் (அக்டோபர் 8, 1922 – ஏப்ரல் 7, 2001) இந்தியாவின் புகழ்பெற்ற இயற்பியலாளர்களுள் ஒருவர். சுருக்கமாக ஜி. என். இராமச்சந்திரன் என்றும் ஜி. என். ஆர். என்றும் அறியப்படுகிறார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றில் உள்ள கொலாசன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பைக் கண்டறிந்தவர் இவர். புரத மூலக்கூறுகளின் வடிவத்தைச் சரிபார்க்க உலகெங்கும் பயன்படும் இராமச்சந்திரன் வரைபடமும் இவர் பெயரால் வழங்குகிறது. இவருடைய மூன்றாவது பெரும்பணி பலரும் அறியாதது. பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து ஒரு பொருளின் உட்பகுதியைக் கணக்கிட்டு வரையும் விரைவான வழியொன்றை இவர் 1971ஆம் ஆண்டு ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து வெளியிட்டார். சி.டி. ஸ்கேன் கருவிகளில் பல ஆண்டுகள் நிலைத்திருந்த கணிப்புமுறைக்கு அது அடிப்படையானது. முதியவர்களின் மூளை உள்ளறைகளில் நீர் பெருகும் நோயை மண்டையைத் திறக்காமலும் வலியில்லாமலும் கண்டறிய முடிவது இத்தகைய படமெடுப்பு முறையாலேயே ஆகும்.

பிறப்பும் கல்வியும்

இராமச்சந்திரன் அன்றைய கொச்சி அரசிலிருந்த எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் ஜி. ஆர். நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராசா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்து, பின்னர் அதன் முதல்வரானார். தாயார் இலட்சுமி அம்மாள். பெயரின் முன்னெழுத்தாகிய ஜி, கோபாலசமுத்திரம் என்னும் ஊரைக் குறிக்கும். கணிதத்தில் இவருக்கு இருந்த பிடிப்பு தந்தையாரிடமிருந்து வந்தது. இயற்பியலிலும் உயிரியலிலும் பின்னாளில் இவர் செய்த பணிகள் அனைத்திலும் அந்தக் கணிதப் பயிற்சியின் தடம் காணப்படுகிறது.

திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் சிறப்புப் பட்டப்படிப்பை 1942ஆம் ஆண்டு முடித்தார். அதே ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அங்கு இயற்பியல் துறையில் இருந்த சர் சி. வி. இராமனின் ஈர்ப்பால் விரைவிலேயே இயற்பியலுக்கு மாறினார். இராமனின் வழிகாட்டுதலில் படிகங்களைப் பற்றி ஆராய்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டத்தையும் 1947இல் முனைவர் நிலைக்கும் மேலான டி.எஸ்சி. பட்டத்தையும் பெற்றார். எக்ஸ் கதிர்களை ஒரு புள்ளியில் குவிக்கும் ஆடி ஒன்றையும் அக்காலத்தில் உருவாக்கினார்.

பின்னர் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்சிலுள்ள கேவண்டிசு ஆய்வகத்தில் டபிள்யூ. ஏ. ஊசுட்டர் என்பவரிடம் ஆய்வு மேற்கொண்டார். படிகங்களில் சிதறும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அவற்றின் மீள்தன்மையை அளக்கும் முறை பற்றிய ஆய்வுக்காக 1949இல் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்க வேதியியலாளர் லைனசு பாலிங் அங்கு ஆற்றிய சொற்பொழிவுகள் இவரை மிகவும் கவர்ந்தன. உயிர்ப்பொருள்களின் மூலக்கூறுகளும் அளக்கத்தக்க கோணங்களும் தொலைவுகளும் உடையவை என்னும் எண்ணம் இவர் மனத்தில் பதிந்தது அப்போதுதான். 1949இல் நாடு திரும்பி இந்திய அறிவியல் கழகத்தில் உதவிப் பேராசிரியராகப் பணியேற்றார்.

சென்னையில் பணி

சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக அப்போது இருந்தவர் புகழ்பெற்ற மகப்பேறு மருத்துவரான ஆ. இலட்சுமணசாமி முதலியார். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை வளர்க்க விரும்பிய அவர், 1952இல் இராமச்சந்திரனைத் துறைத்தலைவராக அழைத்தார். அப்போது இராமச்சந்திரனுக்கு முப்பது வயது. கிண்டி வளாகத்தில் எக்ஸ் கதிர்ப் படிகவியல் ஆய்வகம் ஒன்றை அவர் அமைத்தார்.

பிரித்தானிய அறிவியலாளர் ஜே. டி. பெர்னால் சென்னை ஆய்வகத்துக்கு வந்தபோது, கொலாசனின் அமைப்பு இன்னும் தீர்க்கப்படாத சிக்கலாக உள்ளது என்பது பேச்சில் வந்தது. கொலாசன் பாலூட்டிகளின் உடலில் மிகுதியாகக் காணப்படும் புரதம். தோல் பதனிடும் தொழிலுக்கும் அதுவே மூலப்பொருள். சென்னையில் இயங்கிய நடுவண் தோல் ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே இருந்தது. ஆய்வுக்கு வேண்டிய கொலாசன் பொருள்கள் அங்கிருந்து கிடைத்தன. கங்காருவின் வால் தசைநாண் தெளிவான எக்ஸ் கதிர்ப் படங்களைத் தந்தது.

கோபிநாத் கர்த்தா என்னும் ஆய்வாளருடன் சேர்ந்து இராமச்சந்திரன் 1954இல் நேச்சர் இதழில் முதல் மாதிரியை வெளியிட்டார். மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று இணைந்த முப்புரிக் கயிறு போன்றது கொலாசன் என்பது அதன் சாரம். 1955இல் அந்த மாதிரியைத் திருத்தி, மூன்று சங்கிலிகளும் ஒரு பொது அச்சைச் சுற்றி மேலும் முறுக்கிக்கொண்டிருப்பதைக் காட்டினர். கொலாசனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசீன் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலமாக இருப்பதன் காரணமும் இதனால் விளங்கியது. முப்புரியின் நடுவில் உள்ள இடுக்கில் வேறு எந்த அமினோ அமிலத்துக்கும் இடமில்லை.

இராமச்சந்திரன் வரைபடம்

கொலாசன் மாதிரிக்கு எதிர்ப்பும் எழுந்தது. அலெக்சாண்டர் ரிச், பிரான்சிசு கிரிக் ஆகியோர் 1955இல் தம் மாதிரியை வெளியிட்டனர். இராமச்சந்திரனின் மாதிரியில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கி இருக்கின்றன என்பது அவர்கள் கூறிய குறை. முப்புரி என்னும் அடிப்படைக் கருத்து நிலைபெற்றது. ஆனால் ஐதரசன் பிணைப்புகளின் எண்ணிக்கை பற்றிய கருத்து வேறுபாடு பல ஆண்டுகள் நீடித்தது.

இராமச்சந்திரன் அந்தக் குறையையே ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டார். ஒரு புரதத்தில் இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கி வரலாம் என்பதை, அதுவரை அறியப்பட்ட படிக அமைப்புகளையெல்லாம் தொகுத்துக் கணக்கிட முற்பட்டார். வி. சசிசேகரன், சி. இராமகிருட்டிணன் ஆகியோர் இப்பணியில் இணைந்தனர். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் சுழலத்தக்க பிணைப்புகள் முதன்மையாக இரண்டு. அவற்றின் கோணங்கள் பை, சை என்னும் கிரேக்க எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. ஒரு கோணத்தைக் கிடையச்சிலும் மற்றதை நெட்டச்சிலும் வைத்து, அணுக்கள் ஒன்றையொன்று இடிக்காத இணைகளை மட்டும் குறித்தால், கட்டத்தின் சிறு பகுதிகளே அனுமதிக்கப்பட்டவையாக எஞ்சுகின்றன. 1963இல் வெளியான இந்த வரைபடமே இராமச்சந்திரன் வரைபடம். இன்றும் ஒரு புரதத்தின் அமைப்பை வெளியிடுவதற்கு முன் ஆய்வாளர்கள் அதை இவ்வரைபடத்தில் இட்டுச் சரிபார்க்கின்றனர்.

நிழலிலிருந்து பொருள்

1960களின் இறுதியில் இராமச்சந்திரனின் கவனம் வேறொரு சிக்கலின் பக்கம் திரும்பியது. எக்ஸ் கதிர்ப் படம் என்பது ஒரு நிழல். கதிர் செல்லும் வழியில் உள்ள அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக அதில் விழுகின்றன. எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படமும் அத்தகையதே. இவ்வாறான தட்டையான நிழல்களிலிருந்து முப்பரிமாணப் பொருளை மீட்டெடுக்க முடியுமா என்பதே கேள்வி.

இதனை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். நான்கு கட்டங்கள் உள்ள ஒரு சதுரத்தில் மேல் வரிசையில் 1, 3 என்றும் கீழ் வரிசையில் 2, 5 என்றும் எண்கள் இருப்பதாகக் கொள்வோம். கட்டத்துள் உள்ள எண்கள் நமக்குத் தெரியாது. கூட்டுத்தொகைகள் மட்டும் தெரியும். வரிசைகளின் கூட்டு 4, 7. நிரல்களின் கூட்டு 3, 8. மேலே 2, 2 என்றும் கீழே 1, 6 என்றும் இருந்தாலும் இதே கூட்டுகள்தாம் வரும். ஆகவே இரண்டு திசைகள் போதா. மூலைவிட்டத்தின் கூட்டும் தெரிந்தால் முதலாவதில் 6, இரண்டாவதில் 8 என்று வேறுபாடு வெளிப்படும். திசைகள் கூடக்கூட, உள்ளே இருப்பது ஐயமின்றித் தெளிவாகும். எக்ஸ் கதிரும் இவ்வாறே தான் கடந்துவந்த வழியிலுள்ள அடர்த்திகளின் கூட்டுத்தொகையைத்தான் தருகிறது. தலையைச் சுற்றிப் பல கோணங்களில் இத்தொகைகளை அளந்தால், மூளையின் ஒரு குறுக்குவெட்டில் உள்ள ஒவ்வொரு சிறு கட்டத்தின் அடர்த்தியையும் கணக்கிடலாம்.

இது கொள்கையளவில் முடியும் என்பதை ஆத்திரிய நாட்டுக் கணிதவியலாளர் யோகான் ராடான் 1917ஆம் ஆண்டிலேயே நிறுவியிருந்தார். நடைமுறையில் கணக்கின் அளவே தடையாக இருந்தது. ஆயிரக்கணக்கான கட்டங்களுக்கு ஆயிரக்கணக்கான சமன்பாடுகளைத் தீர்க்கவேண்டும். ஃபூரியே உருமாற்றத்தின் வழியாகவும் செல்லலாம். டி ரோசியர், குளுக் ஆகியோர் 1968இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களுக்கு அவ்வழியைப் பயன்படுத்தினர். அன்றைய கணினிகளுக்கு அதுவும் பெருஞ்சுமையே.

நிழல்களை அவை வந்த திசையிலேயே திருப்பிப் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுவது எளிய வழி. இதனைப் பின்வீழ்த்தல் எனலாம். ஆனால் இவ்வாறு செய்தால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் விண்மீன் கதிர் போன்ற மங்கல் படர்ந்து படம் தெளிவிழக்கும். இராமச்சந்திரனும் இலட்சுமிநாராயணனும் இதற்குத் தீர்வு கண்டனர். ஒவ்வொரு நிழலையும் பின்வீழ்த்துவதற்கு முன்பே ஒரு குறிப்பிட்ட எண்வரிசையால் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே அத்தீர்வு. அவ்வரிசையில் நடுவில் உள்ள எண் மட்டும் நேர்மதிப்பு உடையது. அதிலிருந்து ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றை இடங்களில் எதிர்மதிப்புகள் உள்ளன. இரட்டை இடங்களில் சுழி. இந்த எதிர்மதிப்புகள் பின்வீழ்த்தலில் படரவிருக்கும் மங்கலை முன்கூட்டியே கழித்துவிடுகின்றன. ஃபூரியே உருமாற்றத்துக்குத் தேவையே இல்லை. வெறும் பெருக்கலும் கூட்டலும் போதும்.

இக்கட்டுரை அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் நடவடிக்கைகள் இதழில் செப்டம்பர் 1971இல் வெளிவந்தது. நிழலிலிருந்து பொருளை மீட்டெடுத்தல் என்னும் கருத்தில் தலைப்பிட்ட மற்றொரு கட்டுரையை அதே ஆண்டில் இந்திய அறிவியல் கழக நடவடிக்கைகள் இதழில் இராமச்சந்திரன் வெளியிட்டார். இதையொத்த முறையை வானொலி வானியலுக்காக பிரேசுவெல், ரிடில் என்னும் இருவர் 1967இல் வகுத்திருந்தனர். எக்ஸ் கதிர்ப் படங்களுக்கு அதனைத் தனித்து வகுத்து, கணினிக்கு ஏற்ற எளிய வடிவில் தந்தது இராமச்சந்திரன்–இலட்சுமிநாராயணன் கட்டுரையின் சிறப்பு. அவர்கள் தந்த எண்வரிசை இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து ராம்–லாக் வடிப்பான் என்று பாடநூல்களில் வழங்குகிறது.

சி.டி. ஸ்கேன் பிறந்த காலம்

அக்கட்டுரை வெளிவந்த அடுத்த மாதத்தில், அக்டோபர் 1, 1971 அன்று, இலண்டன் விம்பிள்டனிலுள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் உலகின் முதல் சி.டி. படம் ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது. கருவியை உருவாக்கியவர் இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் காட்ஃபிரே ஆன்சுபீல்டு. இரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆன்சுபீல்டு தம் தொடக்கச் சோதனைகளில் ஒரு படத்துக்கான அளவீடுகளை எடுக்க ஒன்பது நாள்களும், அவற்றைக் கணினியில் கணக்கிட இரண்டரை மணி நேரமும் செலவிட்டார். அவர் கையாண்டது, ஒரு மதிப்பை ஊகித்துப் படிப்படியாகத் திருத்திக்கொண்டே செல்லும் முறை. தென்னாப்பிரிக்காவில் பிறந்த இயற்பியலாளர் ஆலன் கார்மாக்கு 1963, 1964ஆம் ஆண்டுகளில் இச்சிக்கலுக்கு வேறொரு கணிதத் தீர்வை வெளியிட்டிருந்தார்.

கருவிகள் மருத்துவமனைகளுக்குப் பரவத் தொடங்கியபோது விரைவு இன்றியமையாததாயிற்று. அதனால் 1970களின் நடுப்பகுதி முதல் வடிகட்டிப் பின்வீழ்த்தும் முறையே சி.டி. கருவிகளில் பெரிதும் இடம்பெற்றது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது நிலைத்தது. ஒவ்வொரு நிழலும் அளக்கப்பட்ட உடனேயே அதைத் திருத்திப் பின்வீழ்த்தலாம். எல்லா அளவீடுகளும் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கணினிகளின் ஆற்றல் பெருகிய பின், கதிர் அளவைக் குறைக்கும் பொருட்டுப் படிப்படியாகத் திருத்தும் முறைகள் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் மீண்டும் வந்தன. ஆயினும் மாணவர்கள் சி.டி. கணிதத்தை இன்றும் ராம்–லாக் வடிப்பானிலிருந்தே தொடங்குகின்றனர்.

1979ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கார்மாக்கு, ஆன்சுபீல்டு ஆகிய இருவருக்கும் வழங்கப்பட்டது. இராமச்சந்திரனின் பெயர் அதில் இடம்பெறவில்லை. கருவியை உருவாக்கியவரும் அவர் அல்லர், முதற்கணிதத்தைத் தந்தவரும் அவர் அல்லர் என்பது உண்மை. விரைவாகவும் துல்லியமாகவும் படம் வரையும் வழியைக் காட்டியவர்களுள் அவர் ஒருவர் என்பதும் அதே அளவு உண்மையாகும்.

மூளை நீர்ப் பெருக்கமும் படமெடுப்பும்

சி.டி. படம் வருமுன் உயிருள்ள ஒருவரின் மூளையைக் காண்பது எளிதன்று. சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் மண்டையோடு தெரியும். மென்மையான மூளை தெரியாது. அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி 1918, 1919ஆம் ஆண்டுகளில் ஒரு வழி கண்டார். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள நீரை வடித்துவிட்டு, அவ்விடத்தில் காற்றைச் செலுத்திப் படம் எடுத்தால் மூளையின் உள்ளறைகள் கருநிழலாகத் தெரியும். இக்காற்றுப் படம் நோயாளிக்குக் கடும் தலைவலியையும் வாந்தியையும் தந்தது. சில வேளைகளில் உயிருக்கும் தீங்கானது. தமிழ்நாட்டில் நரம்பியல் அறுவை மருத்துவத் துறைகள் வேலூரில் 1949இலும் சென்னையில் 1950இலும் தொடங்கியபோது, உலகின் பிற இடங்களைப் போலவே காற்றுப் படமும் குருதிக்குழாய்ப் படமும்தான் மருத்துவர்களுக்குத் துணை.

மூளையின் நான்கு உள்ளறைகளிலும் அதைச் சுற்றியும் ஏறத்தாழ 150 மில்லிலீட்டர் நீர் உள்ளது. நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லீட்டர் புதிதாகச் சுரந்து, அதே அளவு குருதியில் உறிஞ்சப்படுகிறது. இச்சமநிலை குலைந்தால் உள்ளறைகள் விரிவடைகின்றன. கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரைச் சேர்ந்த சாலமோன் அக்கீம் என்னும் நரம்பியல் அறுவை மருத்துவர், உள்ளறைகள் விரிந்திருந்தும் நீரின் அழுத்தம் இயல்பாகவே இருக்கும் நோயாளிகளைக் கண்டறிந்து 1964, 1965ஆம் ஆண்டுகளில் விளக்கினார். நார்மல் பிரஷர் ஹைட்ரோசெஃபாலஸ் என்று மருத்துவர்கள் வழங்கும் இந்நோயை இயல்பழுத்த மூளைநீர்ப் பெருக்கம் எனலாம்.

இந்நோய் பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு வருகிறது. நடை தடுமாறுதல், நினைவும் சிந்தனையும் மந்தமாதல், சிறுநீரை அடக்க இயலாமை ஆகிய மூன்றும் இதன் அறிகுறிகள். நடைத் தடுமாற்றமே பெரும்பாலும் முதலில் தோன்றும். கால்களை அகட்டி வைத்து, பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது போலச் சிறுசிறு அடியாக எடுத்துவைப்பர். இம்மூன்றும் முதுமையில் பொதுவாகக் காணப்படுபவை. ஆதலால் வயதாகிவிட்டது என்று வீட்டார் விட்டுவிடுவதும், பார்க்கின்சன் நோய் அல்லது அல்சைமர் நோய் என்று கருதப்படுவதும் உண்டு. மறதிநோய்களில் பெரும்பாலானவை மீளாதவை. இதுவோ நீரை வடித்தால் பலருக்குச் சீராகக்கூடியது. ஆகவே இதைப் பிரித்தறிவது ஒரு முதியவர் மீண்டும் எழுந்து நடப்பதா, படுக்கையிலேயே கிடப்பதா என்பதை முடிவு செய்வதாகும்.

படத்தில் மருத்துவர் முதலில் அளப்பது எவன்சு குறியீட்டை. உள்ளறைகளின் முன்கொம்புகள் இரண்டும் சேர்ந்து எவ்வளவு அகலம் என்பதை, மண்டையோட்டின் உட்புற அகலத்தால் வகுத்தால் இக்குறியீடு கிடைக்கும். முன்கொம்புகளின் அகலம் 4.5 சென்டிமீட்டர், மண்டையின் உள்ளகலம் 13 சென்டிமீட்டர் எனில் குறியீடு ஏறத்தாழ 0.35. இது 0.3ஐ மிஞ்சினால் உள்ளறைகள் விரிந்துள்ளன எனக் கொள்வர். இவ்வளவை 1942ஆம் ஆண்டு காற்றுப் படங்களுக்காக வகுக்கப்பட்டதாகும். நோயாளியைத் துன்புறுத்திப் பெற்ற அதே அளவை, சி.டி. படத்தில் சில நிமிடங்களில் கிடைக்கிறது.

விரிந்த உள்ளறை மட்டும் நோயை உறுதி செய்யாது. மூளை சுருங்கினாலும் உள்ளறைகள் விரியும். மூளைச் சுருக்கத்தில் உள்ளறைகளோடு மூளையின் மேற்பரப்பிலுள்ள பள்ளங்களும் அகலமாகும். நீர்ப் பெருக்கத்திலோ பக்கவாட்டிலுள்ள பெரும்பிளவு விரிந்திருக்க, உச்சந்தலைப் பகுதியின் பள்ளங்கள் நெருங்கி ஒடுங்கியிருக்கும். எம்.ஆர்.ஐ. படத்தில் இது மேலும் தெளிவாகத் தெரியும். இரு பக்க உள்ளறைகளுக்கும் இடையே மூளைப் பாலத்தின் அடியில் அமையும் கோணம் 90 பாகைக்குக் குறைந்திருப்பதும் இந்நோயைச் சுட்டும். பார்க்கின்சன் நோயில் சாதாரண சி.டி. படம் பெரும்பாலும் தனி அடையாளம் எதையும் காட்டுவதில்லை.

படத்துக்குப் பின் முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து 30 முதல் 50 மில்லிலீட்டர் நீரை வடித்து, நடை சீராகிறதா என்று பார்ப்பர். சீரானால், உள்ளறையிலிருந்து வயிற்றறைக்கு நீரைக் கொண்டுசெல்லும் நுண்குழாய் ஒன்று தோலுக்கடியில் பொருத்தப்படும். நடையில் முன்னேற்றம் முதலில் தெரியும். நினைவாற்றல் அந்த அளவுக்குத் திரும்புவதில்லை. எல்லோருக்கும் பயன் கிடைப்பதில்லை. நீர் மிகுதியாக வடிந்து மூளைக்கும் மண்டைக்கும் இடையே குருதி கசிந்தால், அதைக் கண்டறியவும் சி.டி. படமே உதவுகிறது.

காற்றுப் படக் காலத்தில் இத்தகைய ஆய்வு பெருநகர மருத்துவமனைகளுக்குள் அடங்கியிருந்தது. திண்டுக்கல் நகரிலோ, அதைச் சூழ்ந்த நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் முதலிய சமவெளி ஊர்களிலோ நடை தளர்ந்த ஒரு முதியவர் தம் மூளையின் படத்தைக் காண வேண்டுமானால் நெடுந்தொலைவு செல்லவேண்டியிருந்தது. ஊசியும் காற்றும் இல்லாமல் எடுக்கக்கூடிய சி.டி. படம் இந்நிலையை மாற்றியது. மாவட்டத் தலைநகரங்களில் சி.டி. கருவிகள் வந்துவிட்டன. திண்டுக்கல்லில் 2022ஆம் ஆண்டு சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. ஆயினும் கருவி அருகில் இருந்தால் மட்டும் போதாது. மெல்ல மெல்லக் கால் தேய்த்து நடக்கும் தாத்தாவையோ பாட்டியையோ முதுமை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது வீட்டாரைப் பொறுத்தது.

பெங்களூரும் பிற்காலமும்

இலட்சுமணசாமி முதலியார் 1969இல் துணைவேந்தர் பதவியிலிருந்து விலகிய பின், இராமச்சந்திரன் 1970இல் சென்னையை விட்டு நீங்கினார். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் உயிர்இயற்பியல் பேராசிரியராகப் பகுதிநேரம் பணியாற்றினார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1971இல் மூலக்கூறு உயிர்இயற்பியல் பிரிவை நிறுவினார். புரத அமைப்பு ஆய்வில் இந்தியாவின் முதன்மை மையங்களுள் ஒன்றாக அது வளர்ந்தது. பிற்காலத்தில் கணித மெய்யியலில் ஈடுபட்டு, இந்திய தருக்க மரபுகளை அணிக் கணிதத்தால் விளக்க முற்பட்டார்.

இராமச்சந்திரன் 1945இல் இராசலட்சுமி என்பவரை மணந்தார். இவர்களுக்கு இரண்டு மகன்களும் ஒரு மகளும் உண்டு. மகன்களுள் ஒருவரான இரமேசு நாராயண் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் வானியற்பியலாளர். கருந்துளைகளைப் பற்றிய ஆய்வுகளுக்காக அவர் அறியப்படுகிறார்.

பரிசுகளும் பெருமைகளும்

இயற்பியலுக்கான சாந்தி சுவரூப் பட்நாகர் விருது 1961இல் இராமச்சந்திரனுக்கு வழங்கப்பட்டது. 1977இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அனைத்துலகப் படிகவியல் ஒன்றியம் 1999இல் படிகவியலின் மிக உயர்ந்த சிறப்புகளுள் ஒன்றான எவால்டு பரிசை இவருக்கு அளித்தது. உயிரியலிலும் தொழில்நுட்பத்திலும் சிறந்த பணி புரிவோருக்கு இவர் பெயரால் பொற்பதக்கம் ஒன்று இந்தியாவில் நிறுவப்பட்டுள்ளது.

மறைவு

மனைவி இராசலட்சுமி 1998இல் காலமானார். அவ்விழப்பு இராமச்சந்திரனைப் பெரிதும் வாட்டியது. இறுதி ஆண்டுகளில் பக்கவாதத்தாலும் பார்க்கின்சன் நோயாலும் இவருடைய நடமாட்டம் குறைந்தது. ஏப்ரல் 7, 2001 அன்று சென்னையில் தம் எழுபத்தெட்டாம் வயதில் மறைந்தார்.

மூளையின் உட்பகுதியைக் காண வழிசெய்த கணிதத்தில் பங்கு கொண்டவர், தம் இறுதிக் காலத்தில் மூளை நோய்க்கே ஆளானார். அவருக்கு வந்த நோய்க்கு இன்றும் முழுத்தீர்வு இல்லை. அதே போன்ற நடைத் தடுமாற்றத்தோடு வரும் முதியவர்களுள், தீர்க்கக்கூடிய நோய் உடையவர் எவர் என்பதை ஒரு படத்தின் துணையால் பிரித்தறிய முடிகிறது. அவ்வாறு எடுக்கப்பட்ட எண்ணற்ற படங்களுக்குப் பின்னால், நிழலிலிருந்து பொருளை மீட்ட அந்த எண்வரிசை இருந்துவந்துள்ளது.